பெரியப்பாவை மறியலுக்கு அனுப்புவது இருக்கட்டும், முதலில் கணக்கைக் கேளுங்கள்

ஸ்காபரோவில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. விஷயம் இதுதான். அவவின் அப்பப்பா 1981 இல் ஒரு உறுதி முடித்திருக்கிறார். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வரிசையாக மூன்று கடைகள், அவற்றை மூத்த மகனிடம், அதாவது பெரியப்பாவிடம், நம்பிக்கைப் பொறுப்பாக (ட்ரஸ்ட் என்பார்கள்) ஒப்படைத்து, வாடகையில் பாதி பேரப்பிள்ளைகளின் மேற்படிப்புக்கு, மற்றப் பாதி ஊர்க் கோயில் தேரன்று தண்ணீர்ப் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் என்று எழுதிவைத்தார். இத்தனை வருடத்தில் கணக்கு என்று ஒரு தாள் வந்ததில்லை. ஒரு கடை பெரியப்பாவின் மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. இன்னொன்றுக்கு இப்போது விலை பேசுகிறார்கள். கேட்டால், "சண்டைக்குள்ளை நின்று காப்பாற்றினது நான், நீங்கள் பிளேன் ஏறிப் போன ஆக்கள்" என்கிறாராம். பொலிசில் போடலாமா, போன கடை திரும்பி வருமா, போன காசு வருமா என்று கேட்கிறா. மூன்றாவது கடையை வாடகைக்கு வைத்திருக்கும் மாமியின் மகனுக்கு அற்றோர்ணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாக நின்று செயற்படும் அதிகாரம், கொடுத்து வழக்குப் போட யோசிக்கிறாவாம்.

யாழ்ப்பாண நீதிமன்றங்களில் காணி வழக்குகளோடு கனகாலம் மாரடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொலிஸ். தண்டனைச் சட்டக்கோவையின் 388 ஆம் பிரிவில் குற்றவியல் நம்பிக்கை மோசடி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வழக்கு வென்றாலும் பெரியப்பாவுக்குத் தண்டனை கிடைக்குமே தவிர, மகளுக்கு எழுதிய உறுதி அப்படியே கிடக்கும், விலை பேசுகிற கடையும் அதனால் மட்டும் நிற்காது. இன்னொரு பழக்கமும் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. காணிச் சண்டை என்றவுடன் "66 வழக்கு" போடுவது. 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு சமாதானம் குலையாமல் இருப்பதற்காக, தற்போதைக்குக் காணி யார் ஆட்சியில், அதாவது யார் கையில், இருப்பது என்று மட்டும் பார்க்கிறது. உரிமை யாருக்கு என்று அது தீர்மானிக்காது. உங்கள் வழக்கில் ஆட்சி முழுக்கப் பெரியப்பாவிடம்தான் இருக்கிறது, ஆகவே அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம், அதுவும் காணி இருக்கிற யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றம். கொழும்பில் பெரிய சட்டத்தரணி பிடிப்பது உங்கள் விருப்பம், வழக்கு இங்கேதான் நடக்கும்.

அதற்கும் முதல் உறுதியின் வாசகத்தைப் பார்க்க வேண்டும். இதைச் சும்மா சொல்லவில்லை. பழைய உறுதிகளில் "இன்னார் அனுபவித்து, விற்காமல் ஈடுவைக்காமல், அவருக்குப் பின் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது" என்று ஒரு வாசகம் வரும். அது நம்பிக்கைப் பொறுப்பு இல்லை, றோமன் டச்சுச் சட்டத்தில் வந்த பிடெய்கொமிசம். அதை 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. அப்படியான உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு ட்ரஸ்ட் வழக்குப் போட்டு மண் கவ்வியவர்கள் இருக்கிறார்கள். உங்களுடையது 1981 உறுதி, வாடகையை இன்னின்ன வேலைக்குச் செலவழிக்க வேண்டும் என்று பெரியப்பாவின் தலையில் கடமை வைத்திருக்கிறது, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சந்தேகமில்லாத நம்பிக்கைப் பொறுப்பு. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். அசையாச் சொத்தென்றால் உயில் அல்லது நொத்தாரிசு முடித்த உறுதி வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கிறது, அது உங்களிடம் இருக்கிறது. மூலம் பெரியப்பாவின் அலுமாரிக்குள் இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். நொத்தாரிசுமார் முடிக்கிற உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும், அங்கே அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம்.

சரி, நீதிமன்றம் என்ன செய்யும்?

இதில் ஆட்கள் பிழையாக விளங்கிக்கொள்கிற ஒன்று இருக்கிறது. பொறுப்பாளர் பிழை விட்டால் அவரைத் தண்டிப்பது மாவட்ட நீதிமன்றத்தின் நோக்கமில்லை. சொத்து பிழை நடக்காதிருந்தால் எந்த நிலையில் இருந்திருக்குமோ அந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவதுதான் வேலை. அதனால் நீங்கள் கேட்கிற நிவாரணங்களில் முதலாவதாக இருக்க வேண்டியது கணக்கு. "அவர் இத்தனை லட்சம் அடித்துவிட்டார்" என்று பிராதில் ஒரு தொகையைப் போட்டு அதை நிரூபிக்கிற சுமையை நீங்களே தூக்கித் தலையில் வைக்காதீர்கள். கனடாவில் இருக்கிற நீங்கள் 1990 இல் அந்தக் கடை வாடகை எவ்வளவு என்று எப்படி நிரூபிப்பீர்கள்? தெளிவான கணக்கு வைத்திருப்பதும், நயன்பெறுநர், அதாவது சொத்தின் பயன் போய்ச் சேர வேண்டியவர், கேட்டால் காட்டுவதும் சட்டப்படி அவருடைய கடமை. ஆகவே நீதிமன்றம் அவரைப் பார்த்து, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்கும். இல்லையென்றால், இல்லாததன் பலன் அவருக்கு எதிராகப் போகும்.

எனக்கு நினைவில் நிற்கிற ஒரு வழக்கில் பொறுப்பாளர் ஐயா கணக்கைக் கொண்டுவந்தார். ஒரு ஷொப்பிங் பைக்குள் கிழித்த கலண்டர் தாள்கள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் நீலப் பேனாவால் "வாடகை வரவு", அதற்குக் கீழே "செலவு", செலவில் சீமெந்து, கூரைத்தகடு, நடுவில் ஒரு இடத்தில் "மகனுக்குச் சப்பாத்து". மற்றத் தரப்புச் சட்டத்தரணி அந்தச் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நாள் கேள்வி கேட்டார். எனக்கு அந்த மனிசனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஏனென்றால் அவர் கள்ளன் இல்லை, தன் காசையும் பொறுப்புக் காசையும் ஒரே பொக்கற்றில் வைத்த ஆள். ஆனால் சட்டத்துக்கு அந்தக் கலப்பே பிழை. எது யாருடைய காசென்று பிரிக்க ஏலாமல் போனால், கலந்தவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கு எடுத்து முடிந்தால் அடுத்தது நட்டத்தை நிரப்புவது. அவர் எடுத்த வாடகை, எடுத்திருக்க வேண்டியும் எடுக்காமல் விட்ட வாடகை (சொந்தக்காரனுக்குக் குறைத்துக் கொடுத்தது இதற்குள் வரும், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்), அதற்கு வட்டி. பொறுப்புக் காசைத் தன் சொந்த வியாபாரத்தில் போட்டிருந்தால், வட்டியா அந்த வியாபாரத்தில் வந்த இலாபமா, எது வேண்டும் என்று நீங்கள் தெரிவு செய்யலாம். ஒரு கடையில் நட்டம் வரச் செய்துவிட்டு, மற்றக் கடையில் நான் நல்ல இலாபம் காட்டினேனே, இரண்டையும் கழித்துக்கொள்வோம் என்று அவர் சொல்ல ஏலாது. இரண்டும் வேறு வேறு.

அவர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். "சண்டைக்குள்ளை நின்று காப்பாற்றினது நான்" என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, அதற்குச் சட்டத்தில் பெறுமதி உண்டு. கூரை போன கடைக்குக் கூரை போட்டிருந்தால், ஷெல் விழுந்த சுவரைக் கட்டியிருந்தால், சோலைவரி கட்டியிருந்தால், அந்தச் செலவைச் சொத்தில் இருந்து எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இல் முழுச் சனமும் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட காலத்துக்கு மாதவாரியாகப் பற்றுச்சீட்டுக் கேட்டு நின்றால், எந்த நீதிபதியும் உங்களைத்தான் ஒருமாதிரிப் பார்ப்பார். பொறுப்பாளரிடம் சட்டம் எதிர்பார்ப்பது சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தைப் பார்க்கிற அளவு கவனம், அதற்கு மேலே இல்லை. ஆகவே அந்த வருடங்களைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டு, கடைகள் ஒழுங்காக வாடகைக்குப் போகத் தொடங்கிய வருடங்களைப் பிடியுங்கள். வழக்கு பலமாகும்.

ஆனால் கடையைக் காப்பாற்றினேன் என்பதற்காகக் கடையை மகளுக்கு எழுத முடியாது. பொறுப்பாளர் நயன்பெறுநருக்கு எதிராகத் தன் பெயரிலோ வேறு ஆளின் பெயரிலோ உரிமை கொண்டாடக்கூடாது என்பது சட்டத்தில் நேரடியாகவே இருக்கிறது. "பத்து வருடத்துக்கு மேல் ஆட்சி, எனக்கே சொந்தம்" என்ற ஆட்சியுரிமை வாதமும் இதனால் அவருக்கு உதவாது, அவருடைய ஆட்சியே உங்களுக்காக வைத்திருந்த ஆட்சி. காலாவதியும் அப்படித்தான். உறுதியால் உருவான பொறுப்பில், சொத்தையோ அதில் வந்த காசையோ பொறுப்பாளர் தானே வைத்திருந்தால் அல்லது தன் தேவைக்கு மாற்றியிருந்தால், காலாவதிச் சட்டத்தைக் காட்டித் தப்ப நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 111 ஆம் பிரிவு விடாது. கவனயீனத்தால் வந்த நட்டம், அவர் கையில் ஒன்றும் தங்காத நட்டம், அது வேறு கதை. அதற்குக் காலம் ஓடும்.

சீதனக் கடைக்கு வருவோம். இதுதான் உங்கள் வழக்கில் முடிச்சு.

பொறுப்புச் சொத்தைச் சும்மா வாங்கியவரிடம் இருந்தும், பொறுப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கியவரிடம் இருந்தும் சொத்தைப் பின்தொடர்ந்து போய் மீட்கலாம். ஒன்றும் தெரியாமல் பெறுமதி கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவரைத் தொட முடியாது. மகளுக்கு எழுதியது நன்கொடை என்றால் விஷயம் சுலபம். ஆனால் எதிர்த்தரப்பில் விஷயம் தெரிந்த சட்டத்தரணி இருந்தால், இது வெறும் நன்கொடை இல்லை, கலியாணத்துக்கு ஈடாகக் கொடுத்த சீதனம், சீதனமும் பெறுமதிதான் என்று வாதாடுவார். யாழ்ப்பாணத்தில் சீதன உறுதி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு மறுமொழி, அவவுக்குத் தெரியும் என்பது. அப்பப்பாவின் பேத்தி, அந்தக் குடும்பத்தில் வளர்ந்தவ, அதே உறுதியின் கீழ் தானும் ஒரு நயன்பெறுநர். அதோடு 1981 உறுதி காணிப் பதிவகத்தில் சரியான ஃபோலியோவில், அதாவது அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தில், பதிந்திருக்கிறதா என்று இந்தக் கிழமையே ஆள் விட்டுப் பாருங்கள். பதிந்திருந்தால் தெரியாது என்ற பேச்சுக்கு இடமே குறைவு. பதியாமல் இருந்து, சீதன உறுதி பதிந்திருந்தால், பின்னால் வந்த உறுதி முந்திக்கொள்ளப் பார்க்கும், வழக்கு மூச்சு வாங்கும். ஒருவேளை அவ சொத்து மாறியதில் தெரிந்தே பங்கெடுத்தா என்று நிரூபித்தால், நயன்பெறுநராக அவவுக்கு வரவேண்டிய பங்கை மறித்து அதில் நட்டத்தைக் கழிக்கும்படியும் கேட்கலாம். கடையை அவ வேறு ஆளுக்கு விற்றுவிட்டா என்றால், விற்ற காசு எங்கே போனதோ அங்கே போகலாம். வங்கியில் கிடந்தால் வங்கி, வேறு வளவு வாங்கினால் அந்த வளவு.

இப்போது விலை பேசுகிற இரண்டாவது கடை. வாங்குகிறவன் ஒன்றும் தெரியாத வெளியாள் என்று ஆகிவிட்டால் மேலே சொன்ன கதவு மூடிவிடும், அதனால் மற்ற எல்லாவற்றையும் விட இது அவசரம். வழக்கைத் தாக்கல் செய்கிற அன்றே தடுப்புக் கட்டளை கேளுங்கள். மற்றத் தரப்பைக் கேட்காமலே ஒரு தடவைக்கு 14 நாள் வரை அதைக் கொடுக்கலாம், பிறகு இரு பக்கமும் கேட்டு இடைக்காலத் தடையுத்தரவு. ஒரு எச்சரிக்கை. தனியாகப் போய்க் கேட்கிறபோது உங்களுக்குப் பாதகமான விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் உங்கள் படிப்புக்கு ஒருமுறை காசு அனுப்பியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மறைத்தது பிறகு வெளியே வந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே கட்டளை போய்விடும். தடுப்புக் கட்டளையோடு, வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும், லிஸ் பென்டென்ஸ் என்பார்கள். இதைச் செய்யாமல் விட்டு, தீர்ப்பு வரும்போது காணி மூன்று கை மாறியிருந்த வழக்குகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்ன வேலை, இளம் சட்டத்தரணிமார் மறந்துவிடுவார்கள், நீங்கள் கேட்டுக் கேட்டுச் செய்வியுங்கள்.

வழக்கு முடிய வருடங்கள் ஆகும். அதுவரை வாடகையை யார் வாங்குவது? வாடகையை வாங்கி வைத்திருக்க நீதிமன்றத்திடம் ஒரு பெறுநரை நியமிக்கும்படி கேட்கலாம், அல்லது வாடகைக்காரர் வாடகையை நீதிமன்றத்தில் கட்டும்படி கேட்கலாம். என் அனுபவத்தில் இது ஒன்று நடந்தாலே சமாதானப் பேச்சு தானாகத் தொடங்கும், ஏனென்றால் இழுத்தடிப்பதில் இருந்த லாபம் போய்விடுகிறது.

பெரியப்பாவை விலக்கிப் புதிய பொறுப்பாளரை நியமிக்கவும் கேளுங்கள். அவர் வந்து கையெழுத்து வைத்துச் சொத்தைக் கொடுக்க மாட்டார் என்று பயப்பட வேண்டாம். நீதிமன்றமே சொத்தைப் புதியவரில் சாட்டிக் கட்டளை போடலாம், அவர் கையெழுத்துத் தேவையில்லை. ஆனால் யாரைப் போடுவது என்று இப்போதே யோசியுங்கள், "எங்களில் ஒருவர்" என்று போய் நின்றால், கனடாவில் இருந்துகொண்டு கஸ்தூரியார் வீதிக் கடையை எப்படிப் பார்ப்பீர்கள் என்றுதான் நீதிபதி கேட்பார்.

கோயில் பாதி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் நல்ல வழக்குகள் நடைமுறைப் பிழையால் விழுகின்றன. படிப்புப் பாதிக்கு நீங்கள் நயன்பெறுநர், நேரே வழக்குப் போடலாம். தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் உங்களுக்குச் சொந்தமான பாதி இல்லை. சமயம் சார்ந்த பொறுப்புக்கு அதே கட்டளைச் சட்டத்தின் 102 ஆம் பிரிவின்படி அதில் அக்கறையுள்ள ஐந்து பேர் வேண்டும், அதுவும் அவர்கள் முதலில் அரசாங்க அதிபரிடம் விண்ணப்பித்து, அவர் ஆணையாளரை நியமித்து, விசாரணை நடந்து, சமரசம் சரிவரவில்லை அல்லது நீதிமன்றம் பார்க்க வேண்டிய விஷயம்தான் என்று சான்றிதழ் கிடைத்த பிறகுதான் நீதிமன்றம் எடுக்கும். எங்கள் பக்கத்துக் கோயில் வழக்குகளில் எதிராளியின் முதல் ஆட்சேபணையே பெரும்பாலும் "சான்றிதழ் எங்கே?" என்பதுதான். ஆகவே இரண்டு பாதியையும் ஒரே பிராதில் குழைத்துவிடாதீர்கள். ஊரில் வருடாவருடம் தேருக்கு வருகிற ஐந்து பேரைப் பிடியுங்கள், அந்தத் தண்ணீர்ப் பந்தலில் ஒருகாலத்தில் மோர் குடித்த கிழவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கு எதிராக வரக்கூடியது ஒன்றுதான் எனக்கு உண்மையில் யோசனை தருகிறது. உங்கள் அப்பா. பொறுப்பாளர் செய்ததை நயன்பெறுநர் முழுவதும் தெரிந்துகொண்டு சம்மதித்திருந்தால் பிறகு வந்து முறையிட முடியாது. "சரி அண்ணை, நீங்களே பாருங்கோ, எனக்கொன்றும் வேண்டாம்" என்று அப்பா அந்தக் காலத்து நீல ஏரோகிராமில் எழுதிய கடிதம் ஒன்று பெரியப்பாவிடம் இருக்கும், கட்டாயம் இருக்கும், எல்லாத் தம்பிமாரும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் உறுதியின்படி நயன்பெறுநர் பேரப்பிள்ளைகள், அப்பா இல்லை. உங்கள் உரிமையை அவர் விட்டுக்கொடுக்க முடியாது, அந்த நேரம் நீங்கள் வயது வராத பிள்ளை வேறு. நீங்கள் வளர்ந்த பிறகு வட்ஸ்அப்பில் என்ன எழுதினீர்கள் என்பதை மட்டும் திரும்ப வாசித்துப் பாருங்கள். மற்றப் பேரப்பிள்ளைகள் எல்லோரையும், சீதனக் கடைக்காரி அக்கா உட்பட, வழக்கில் தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டாலும் பிறகு அவரால் பிரச்சினை வரும்.

இதே போல, உறுதியே இல்லாமல், வெளிக்கிடும்போது காணியைச் சொந்தக்காரன் பெயருக்கு மாற்றிவிட்டுப் போனோம் என்று எழுதுகிற மற்றவர்களுக்கும் ஒரு வரி: உங்களுக்கு வேறு பாதை, அதே கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு. அனுபவ உரிமையையும் சேர்த்துக் கொடுக்க நினைக்கவில்லை என்று சுற்றியுள்ள சூழ்நிலைகளில் இருந்து காட்ட வேண்டும். உறுதிச் செலவை எழுதிக்கொடுத்தவரே கட்டினாரா, பிறகும் ஆட்சியில் இருந்தாரா, உறுதியில் போட்ட விலை சிரிப்புக்கிடமானதா என்று பார்க்கச் சொன்ன 1947 தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கடைசியாக அற்றோர்ணித் தத்துவம். ரொறன்ரோவில் இருக்கிற இலங்கைத் துணைத்தூதரகத்தில் கையெழுத்து வைத்து, இங்கே அனுப்பிப் பதிய வேண்டும், அது பெரிய வேலையில்லை. ஆனால் மாமியின் மகனுக்கு வேண்டாம். அவர் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். அவர் இருக்கிற கடை பெரியப்பா கொடுத்த கடை, வாடகை எவ்வளவு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது அந்த வீதியில் யாருக்கும் கிடைக்காத வாடகை. கணக்கு எடுக்கிற நாளில் "இந்தக் கடை ஏன் இவ்வளவு மலிவாகப் போனது?" என்று நீதிமன்றம் கேட்கும்போது, அந்தக் கேள்வியை உங்கள் சார்பில் கேட்க வேண்டியவரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாக நிற்பார். வேறு யாராவது, அந்த மூன்று கடையிலும் கால் வைக்காத ஒருவரைப் பாருங்கள்.